ராலே பிரபுவும் செவியின் காலக் கணக்கும்

இருளிலே நடந்து செல்லும் ஒருவனை வலப்புறத்திலிருந்து யாரேனும் மெல்ல அழைப்பாராயின், அவன் தலை தானாகவே வலப்புறந் திரும்புகிறது. அழைத்தவரை அவன் கண்டானல்லன். ஒலி எப்புறத்திலிருந்து வந்ததென்று எண்ணிப் பார்த்தானுமல்லன். எனினும் அவன் தவறுவதில்லை. நாடோறும் நாம் பன்முறை செய்துவரும் இச்சிறு செயலில் வியப்பதற்கு யாதுளது என்று சிலர் கேட்கக் கூடும். சற்றே சிந்திப்போமாயின் வியப்பு விளங்கும். கண்ணுக்குள்ளே மேலும் கீழும், இடமும் வலமும் ஒரு படமாக விழுகின்றன. செவிக்குள்ளே அத்தகைய படம் யாதும் விழுவதில்லை. செவிப்பறை உள்ளும் புறமும் அசைகிறது, அவ்வளவே. அவ்வசைவைக் கொண்டு திசையை அறிவது எங்ஙனம்? இவ்வினாவை முப்பதாண்டு காலம் மனத்தகத்தே வைத்திருந்து, முதலிலே தாம் ஏற்கத் தயங்கிய விடையையே பின்னர்த் தம் செவியே சான்றாக ஏற்றுக்கொண்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

அவர்தாம் ராலே பிரபு. வானம் நீலமாகத் தோன்றுவதன் காரணத்தை 1871-இல் கணக்கிட்டுக் காட்டியவர் என்றும், ஆர்கன் என்னும் வாயுவைக் கண்டறிந்தவருள் ஒருவர் என்றும் பௌதிகம் பயிலும் மாணவர் அவரை அறிவர். செவியைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சியை அறிந்தாரோ சிலரே. ஆயினும் அவருடைய குணத்தைக் காட்டுவதற்கு அதனிற் சிறந்த கண்ணாடி வேறில்லை என்பது எமது கருத்து.

பிறப்பும் இளமையும்

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்பது அவரது இயற்பெயர். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாகாணத்தில் 1842-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இரண்டாம் ராலே பிரபு. டெர்லிங் என்னும் ஊரில் பெரும் நிலபுலம் உடையவர். செல்வத்திற்குக் குறைவில்லை, குறைவெல்லாம் உடல் நலத்திலேதான். இளமையில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டமையால் ஈட்டன் பள்ளியிலும் ஹாரோ பள்ளியிலும் அவர் நெடுநாள் தங்கிப் பயில இயலவில்லை. தனியாசிரியர்களிடமே பெரும்பாலும் கற்று, 1861-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். அங்கே ரௌத் என்னும் பேராசான் அவருக்குக் கணிதம் பயிற்றுவித்தார். நோயாளிப் பிள்ளையென்று கருதப்பட்ட அவ்விளைஞர் 1865-இல் கணிதத் தேர்வில் முதல்வராகத் தேறினார். இஃது அந்நாளில் ஒரு மாணவன் அடையக்கூடிய பேறுகளில் தலையாயது.

பிரபு குலத்து மூத்த மகன் ஒருவன் சாஸ்திர ஆராய்ச்சியைத் தொழிலாக மேற்கொள்வது அக்காலத்து வழக்கமன்று. வேட்டையும் விருந்தும் அரசியலும் அவர்களுக்குரியவை என்பதே உலகோர் எண்ணம். இவரோ சோதனைக் கருவிகளைத் தம் பொருள் கொண்டு வாங்கலானார். ஜெர்மன் மொழியைக் கற்று, இசையையும் செவியையும் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞர் எழுதிய நூலைப் படித்தார். ஒலிநூலிலே அவருக்கு உண்டான பற்று அன்று தொடங்கி இறுதிவரை மாறவில்லை.

நைல் நதியில் எழுந்த நூல்

1871-இல் அவர் ஈவ்லின் பால்பர் என்னும் பெண்மணியை மணந்தார். பிற்காலத்தில் பிரதம மந்திரியாக விளங்கிய ஆர்தர் பால்பர் அவ்வம்மையாரின் உடன்பிறந்தவர். மணம் நடந்த மறு ஆண்டே கொடிய வாத சுரம் அவரைப் பற்றியது. குளிர்காலத்தை வெப்ப நாட்டிலே கழித்தல் வேண்டும் என மருத்துவர் கூறவே, மனைவியாருடன் எகிப்து நாட்டிற்குச் சென்று, நைல் நதியிலே படகு வீட்டில் தங்கினார். அப்படகிலே, ஏடும் எழுதுகோலுமாக அமர்ந்து அவர் எழுதத் தொடங்கியதே ஒலியின் கொள்கையை விளக்கும் பெருநூல். அதன் முதற்பகுதி 1877-லும் இரண்டாம் பகுதி 1878-லும் வெளிவந்தன. இன்றும் ஒலிநூல் வல்லார் அதனை எடுத்துப் பார்ப்பதுண்டு.

1873-இல் தந்தையார் இறக்கவே, பிரபுப் பட்டமும் டெர்லிங் மாளிகையும் இவரை வந்தடைந்தன. மாளிகையிலேயே ஓர் ஆராய்ச்சிச்சாலை அமைத்துக் கொண்டார். 1876-இல் நிலங்களின் மேற்பார்வையைத் தம் தம்பியாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் பொழுது முழுவதையும் ஆராய்ச்சிக்கே உரியதாக்கினார்.

புற்றரையில் நடந்த சோதனை

அக்காலத்திலேதான் நாம் முதலிற் கூறிய வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. மாளிகையின் முன்னுள்ள புற்றரையின் நடுவே கண்களை மூடிக்கொண்டு அவர் நிற்பார். துணை செய்வோர் சுற்றிலும் பல திசைகளில் நின்று ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பர். குரல் எத்திசையிலிருந்து வந்தது என்று அவர் சொல்லவேண்டும். மனிதக் குரலாயின் பெரும்பாலும் பிழையின்றிச் சொன்னார். ஆனால் ஒரே சுருதியைத் தூய்மையாக எழுப்பும் இசைக்கவையை ஒலிக்கச் செய்தபோது புதுமை ஒன்று வெளிப்பட்டது. வலமா இடமா என்பதில் ஐயம் சிறிதும் எழவில்லை. முன்னா பின்னா என்பதிலோ அடிக்கடி ஏமாந்தார்.

வலப்புறத்து ஒலி வலச்செவிக்கு உரத்தும் இடச்செவிக்கு மெலிந்தும் கேட்பதனால் திசை விளங்குகிறது என்பதே அந்நாளைய கொள்கை. தலையானது ஒலியை மறைத்து அப்பாலுள்ள செவியின்மேல் ஒரு நிழலை வீழ்த்துகிறது என்பது இதன் கருத்து. ராலே பிரபு கணிதர் ஆதலின், இந்நிழல் எவ்வளவு என்று கணக்கிடலானார். அங்கேதான் இடர்ப்பாடு தோன்றிற்று. உயர்ந்த சுருதிக்கு நிழல் நன்கு விழும். தாழ்ந்த சுருதியின் அலையோ மிக நீண்டது. நொடிக்கு 128 முறை அதிரும் ஒலியின் அலை ஏறக்குறைய 2.7 மீட்டர் நீளம் உடையது. அத்தகைய அலைக்கு மனிதன் தலை ஒரு தடையே அன்று. ஆற்று வெள்ளம் சிறு முளையைச் சுற்றிக்கொண்டு செல்வது போல, அது தலையைச் சுற்றி மறுசெவியை அடைகிறது. ஆகவே இரு செவிகளிலும் ஒலி ஏறத்தாழ ஒரே அளவினதாகும். இருந்தும் தாழ்ந்த சுருதியின் வலமும் இடமும் நன்றாகவே விளங்குகின்றன!

அங்ஙனமாயின் வேறு எதுதான் திசையைக் காட்டுகிறது? ஒரு விடை உண்டு. வலப்புறத்து ஒலி வலச்செவியை முன்னரும் இடச்செவியைச் சற்றுப் பின்னரும் அடைகிறது. இரண்டு ஊஞ்சல்கள் ஒரே வேகத்தில் ஆடும்போது ஒன்று மற்றதினும் சிறிதே முந்தியிருப்பது போல, ஒரு செவியின் அதிர்வு மற்றதனினும் முந்தியிருக்கும். இதனைக் கட்ட வேறுபாடு என்பர். ஸில்வேனஸ் தாம்ஸன் என்பார் இரு செவிகளுக்கும் தனித்தனியே ஒலியைச் செலுத்திச் சோதித்து, இவ்வேறுபாடு உணரப்படுகிறது என்று அக்காலத்திலேயே கூறிவந்தார். ஆனால் ராலே பிரபு இதனை ஏற்கத் தயங்கினார். தயக்கம் பொருளற்றதன்று. செவிக்குள் புகுந்த அதிர்வு நரம்பின் வாயிலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இன்ன சுருதி, இவ்வளவு உரப்பு என்னும் செய்தி மட்டுமே மூளைக்குச் செல்கிறது என்று அறிஞர் பலர் நம்பியிருந்தனர். அதிர்வு வாயிலிலேயே முடிவதாயின், அதன் கட்டத்தை மூளை ஒப்பிடுவது எவ்வாறு? விடை காணாத கணக்கை அழித்துவிடாமலும், பொய்யான விடையை எழுதிவிடாமலும் அவர் அப்படியே விட்டுவைத்தார்.

சிறிய வேறுபாட்டின் பெருமை

இடையிலே பல பணிகள் வந்தன. மாக்ஸ்வெல் என்னும் மேதை மறைந்தபின், 1879-இல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆராய்ச்சிச்சாலையின் பேராசிரியர் பதவியை ஏற்று, 1884 வரை அதனை நடத்தினார். மின்சார அளவைகளைத் திருத்தமாக வரையறுத்ததும், மாணவர் தம் கையாலேயே சோதனை செய்து கற்கும் முறையைச் செம்மைப்படுத்தியதும் அக்காலத்து நிகழ்ச்சிகள். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் கேம்பிரிட்ஜில் பயின்றபோது அவருக்கு வாய்த்த ஆசிரியருள் இவரும் ஒருவர்.

பின்னர் டெர்லிங்குக்குத் திரும்பி, வாயுக்களின் எடையை நிறுக்கும் வேலையில் ஈடுபட்டார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், இரசாயனப் பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு கனமாயிருந்தது. மற்றொருவராயின் தராசின் பிழையென்று தள்ளியிருப்பர். இவர் தள்ளவில்லை. தம் கையாலேயே மீண்டும் மீண்டும் நிறுத்தார். காரணம் விளங்காமையைப் பிறர் அறியப் பத்திரிகையிலும் எழுதினார். அதன் பயனாக, 1894-இல் வில்லியம் ராம்ஸேயுடன் சேர்ந்து ஆர்கன் என்னும் புதிய வாயுவை உலகிற்கு அறிவித்தார். 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாது கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு வழங்கினார்.

ஒலியின் தொடர்பும் அறவே விடுபடவில்லை. கலங்கரை விளக்கங்களைப் பரிபாலிக்கும் டிரினிட்டி ஹவுஸ் என்னும் சபைக்கு 1896 முதல் சாஸ்திர ஆலோசகராக இருந்தார். மூடுபனியிலே விளக்கொளி மறைந்துவிட, கப்பலோட்டிக்குக் கரையை உணர்த்துவது ஊதுகுழலின் ஓசை ஒன்றே. அவ்வோசை எப்புறத்தது என்று அறியாவிடில் கப்பல் பாறையிலே மோதும். ஆதலின், செவி திசையறியும் விதம் அவருக்கு வெறும் ஏட்டு வினாவாக இருந்திருக்க இயலாது.

தம் கருத்தைத் தாமே மாற்றியமை

1907-இல், அறுபத்துநான்கு வயதிலே, பழைய வினாவுக்கு அவர் விடை எழுதினார். அப்போது அவர் ராயல் சொஸைட்டியின் தலைவர். உலகப் புகழ் பெற்றவர். சோதனையோ எளிமையானது. நொடிக்கு ஏறக்குறைய 128 முறை அதிரும் இரண்டு இசைக்கவைகளை எடுத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்று மற்றதைவிட மிகச் சிறிதே மெதுவாக அதிரும்படி செய்தார். ஒன்றின் ஓசை மற்றதோடு கலவாதபடி பிரித்து வைத்து, ஒவ்வொன்றின் ஓசையையும் குழாய் வழியாக ஒவ்வொரு செவிக்குக் கொணர்ந்தார். இரண்டும் சமமான உரப்புடையவை. மாறுவது கட்டம் ஒன்றே. முதலில் ஒரு கவை முந்தும். மெல்ல மெல்ல இரண்டும் ஒன்றாகும். பின்னர் மற்றது முந்தும்.

கேட்டவருக்கு நேர்ந்தது யாது? ஓசை வலப்புறத்திருந்து இடப்புறத்திற்கும், இடப்புறத்திருந்து வலப்புறத்திற்கும் மாறி மாறி நடந்து செல்வதுபோல் தோன்றிற்று. எச்செவியின் அதிர்வு முந்தியதோ அப்புறமே ஓசை கேட்டது. உரப்பினால் திசையறிகிறோம் என்னும் கொள்கைக்குத் தாழ்ந்த சுருதிகளைப் பொறுத்தமட்டில் இடமில்லாது போயிற்று. உயர்ந்த சுருதிகளில் இவ்விளைவு மங்கி மறைந்தது. ஆகவே தாழ்ந்த சுருதிக்குக் காலமும் உயர்ந்த சுருதிக்கு உரப்புமாக, செவிக்கு இரு வழிகள் உள்ளன என்று முடிவு செய்தார். இவ்விரு வழிக் கொள்கை நூறாண்டுக்கு மேலாகியும் தன் அடிப்படையில் நிலைபெற்றே நிற்கிறது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கட்டம் உணரப்படுவது உண்மையாயின், நரம்பின் வாயிலோடு அதிர்வு முடிகிறது என்னும் நம்பிக்கை பொய்யாதல் வேண்டும். நரம்பு கம்பியைப்போல் துடிக்காவிடினும், ஒலியின் காலமுறையும் கட்டமும் அதன் வழியே மூளைவரை காக்கப்பட்டே செல்லுதல் வேண்டும் என்று அவர் துணிந்து எழுதினார். நரம்பினுள் அதனை அன்று கண்டார் ஒருவருமில்லை. காண்பதற்கேற்ற கருவியும் இல்லை. தாம் முன்னர்த் தயங்கியதையும் அவர் மறைத்தாரல்லர். புகழின் உச்சியில் நின்ற ஒருவர் தம் பழைய எண்ணத்தைத் தாமே கைவிட்டு, கண்ணாற் காணாத ஒன்றை இரண்டு கவைகளின் சாட்சியைக் கொண்டு நிலைநாட்டினார் என்பதை நாம் மறத்தலாகாது.

1909 முதல் விமான ஆலோசனைக் குழுவின் தலைவராகவும், 1908 முதல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் அதிபராகவும் இருந்து, 1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள் டெர்லிங்கில் அவர் காலமானார். அவருடைய கட்டுரைகள் 446. ஆறு பெருந்தொகுதிகளாக அவை வெளிவந்துள்ளன.

மூளைத்தண்டில் நிகழ்வது

அவர் அனுமானித்தது மெய்தானா? அவருக்குப் பின் வந்தோர் கண்டவற்றை இனிக் கூறுவோம்.

நத்தைச் சுருள் போன்ற உட்செவியிலே மயிரணுக்கள் உள்ளன. ஒலியலை அவற்றை அசைக்க, செவி நரம்பிலே மின்துடிப்புகள் எழுகின்றன. தாழ்ந்த ஒலியாயின், அலையின் குறிப்பிட்ட ஒரு கட்டத்திலேயே துடிப்பு எழுகிறது. தாளத்திற்குத் தட்டுவது போல. ஒரு நரம்பிழை சில தட்டுகளைத் தவறவிடினும், தட்டும்போது உரிய இடத்திலேயே தட்டும். பல இழைகள் கூடும்போது தாளம் முழுமை பெறும். ராலே பிரபு கூறியவாறே கட்டம் காக்கப்படுகிறது!

இத்துடிப்புகள் மூளைத்தண்டை அடைந்ததும் முதலிற் சந்திக்கும் நரம்பணுக்களை, நரம்பின் நுனி ஒரு கை பந்தைப் பற்றுவதுபோல் அகன்று பற்றியிருக்கிறது. ஹெல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1893-லேயே நுண்ணோக்கியால் இதனைக் கண்டார். இவ்வகன்ற பிடியினால் துடிப்பு காலம் பிசகாமல் மறுபுறம் செல்கிறது. அங்கிருந்து இரு செவிகளின் செய்திகளும் ஒலிவக் காய் வடிவான பகுதியொன்றின் அருகே, நடு மேலொலிவக் கரு என்னுமிடத்திலே முதன்முதல் ஒன்று கூடுகின்றன. அங்குள்ள அணு ஒவ்வொன்றிற்கும் இருபுறமும் கிளைகள் உண்டு. ஒரு கிளை ஒரு செவியின் செய்தியையும், மற்றது மறு செவியின் செய்தியையும் பெறுகிறது. இரண்டு செய்திகளும் ஒரே கணத்தில் வந்தடையின் அணு வலுவாகத் துடிக்கும். முன்பின்னாக வரின் வாளாவிருக்கும். முன்வந்த துடிப்பின் சாயல் நீடித்திருப்பின் இவ்வேலை கெடும் அன்றோ? அதற்காகவே அவ்வணுவின் உறையில் பொட்டாசிய வாயில்கள் மிகுந்துள்ளன. அவை திறந்து, வந்த கிளர்ச்சியை உடனே வடித்துவிடுகின்றன.

இவ்வமைப்பு இங்ஙனம் இருத்தல் கூடும் என்று 1948-இல் லாயிட் ஜெப்ரஸ் என்னும் அமெரிக்கர் தாளிலே வரைந்து காட்டினார். நெடிய நரம்பிழை செய்தியைத் தாமதப்படுத்தும், குறிய இழை விரைவிற் சேர்க்கும் என்பது அவர் யுக்தி. ஒரு செவிக்கு ஒலி பிந்தி வரினும், அதன் இழை குறியதாயின் இரண்டும் ஒருங்கே சேரும். இன்ன அணு துடித்தது என்பதே இன்ன திசை என்பதாகும். 1988-இல் காதரின் கார், மசகாசு கொனிஷி என்னும் இருவர் கூகையின் மூளைத்தண்டிலே அத்தகைய தாமத இழைகளைக் கண்டனர். இருளில் எலியின் சலசலப்பைக் கொண்டே அதனைப் பற்றும் பறவை அன்றோ அது! ஆனால் பாலூட்டிகளிடத்தில் கதை வேறாயிருக்கலாம். ஜெர்பில் என்னும் சிறு பிராணியின் மூளையில், காலம் தவறாது வந்து அடக்கும் துடிப்புகளே அணுவின் காலத்தைச் சரிப்படுத்துகின்றன என்று 2002-இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இக்கணக்கின் நுண்மையையும் கேளுங்கள். ஒலி நேர் பக்கத்திலிருந்து வரினும், மனிதனின் ஒரு செவிக்கும் மறு செவிக்கும் இடைப்பட்ட காலம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நன்கு பயின்றவர் உணரக்கூடிய மிகச்சிறிய வேறுபாடோ ஏறத்தாழ ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு. நரம்பின் துடிப்பு ஒன்று எழுந்து அடங்குவதற்கே அதுபோல் நூறு மடங்கு காலம் ஆகும். தன் ஒரு துடிப்பினும் நூறு மடங்கு சிறிய காலத்தைப் பல அணுக்கள் கூடி அளந்துவிடுகின்றன என்பதை என்னென்று சொல்வது!

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. பிறவியிலே செவிப்புலன் இழந்த குழந்தைகளுக்கு இக்காலத்தில் உட்செவிக் கருவி பொருத்துகின்றனர். இரு செவிகளிலும் பொருத்துவதுண்டு. அவற்றைக் கொண்டு பேச்சைக் கேட்கும் குழந்தை, பின்னால் வரும் வண்டி எப்புறம் வருகிறதென்று அறிவதில் இன்னும் இடர்ப்படுகிறது. ஒலியின் நுண்காலத்தை அக்கருவிகள் செம்மையாக நரம்புக்கு எடுத்துச் செல்லாமையே அதற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று. 1907-இல் ராலே பிரபு எழுதி வைத்த உண்மையை நோக்கியே இன்றைய கருவி செய்வோரும் உழைக்கின்றனர்.

முடிவுரை

இவ்வாழ்க்கையினால் நாம் கற்பது யாது? இருநூறில் ஒரு பங்கு எடையை அவர் அலட்சியம் செய்யவில்லை. ஒரு புதிய வாயு வெளிப்பட்டது. செவிக்குச் செவி உள்ள சிறு கால வேறுபாட்டை அவர் மறந்துவிடவில்லை. நரம்பின் இயல்பு ஒன்று வெளிப்பட்டது. இவற்றினும் பெரிதாக எமக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. விடை அறியாதபோது அறியாமையை ஒப்புக்கொண்டு காத்திருந்தார்; விடை அறிந்தபோது தம் முந்தைய எண்ணத்திற்காக வழக்காடாமல் அதனைக் கைவிட்டார். சோதனைச்சாலையில் நமக்கு வரும் எண் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வாதபோது, நம்மிற் பலர் குறிப்பேட்டில் எண்ணைத் திருத்திவிடுகிறோம். ராலே பிரபு எண்ணைத் திருத்தவில்லை. தம் கருத்தையே திருத்திக்கொண்டார். மாணவ நண்பர்கள் அடுத்தமுறை இசைக்கவையைக் கையிலெடுக்கும்போது இதனை ஒரு கணம் நினைப்பார்களாயின், யாம் எழுதியதன் பயன் பெற்றவராவோம்.